30 டிகிரி வீட்டில் நல்ல பீர்

இரவில் அரைத்து வைத்த இட்லி மாவு சிங்கப்பூரில் விடிவதற்குள் பொங்கி நிற்கும். சற்று அயர்ந்துவிட்டால் பாத்திரத்தைத் தாண்டி வழிந்து மேடையை நாசமாக்கிவிடும். குளிர்நாட்டில் படிக்கும் பிள்ளைகள் அதே மாவைப் புளிக்கவைக்க ஓவன் அடுப்புக்குள் வைத்து விளக்கைப் போட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருக்கும் கதையைக் கேட்டு இங்குள்ள பெற்றோர் சிரிப்பதுண்டு. வீட்டில் பீர் தயாரிக்க இறங்கும்போது நிலைமை தலைகீழாகிறது. இட்லிக்குத் துணைநின்ற அதே வெப்பம் பீருக்கு எதிராக வேலை செய்கிறது. புதிதாகத் தொடங்குவோர் கையில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ எழுதப்பட்டவை. ‘அறை வெப்பநிலையில் இரண்டு வாரம் வையுங்கள்’ என்ற வரி அவற்றில் தவறாமல் இருக்கும். அதை எழுதியவரின் அறையில் 18 அல்லது 20 டிகிரி செல்சியஸ் இருந்திருக்கும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் சமையலறையில் இரவிலேயே 27, 28 டிகிரி. பிற்பகலில் 30ஐத் தாண்டும். இங்கே முதல் முயற்சி கெட்டுப்போனால் மால்ட் என்னும் முளைகட்டிய பார்லியின் தரத்தையோ ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவின் வகையையோ குறைசொல்வதைவிட, அந்த ஒரு வரியை அப்படியே நம்பியதைக் குறைசொல்வதே பெரும்பாலும் பொருத்தமாக இருக்கும்.

காய்ச்சும் முறைக்குப் போகுமுன் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் மது தயாரிப்பதே குற்றம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே இன்னும் உண்டு. சிங்கப்பூர்ச் சுங்கத்துறையின் விதிப்படி, 18 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலேயே தம் வீட்டில் பீர், சைடர், ஒயின் போன்ற நொதித்த பானங்களைச் சொந்தப் பயன்பாட்டுக்குத் தயாரித்துக்கொள்ளலாம். ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர்தான் எல்லை. விற்கக் கூடாது, காய்ச்சி வடித்தல் எந்த அளவிலும் கூடாது. கடையில் விற்கும் பீரில் உள்ள ஒவ்வொரு லிட்டர் ஆல்கஹாலுக்கும் 60 வெள்ளி உற்பத்தித் தீர்வை இருக்கிறது. 5 விழுக்காட்டு ஆல்கஹால் உள்ள 330 மில்லிலிட்டர்ப் புட்டி ஒன்றில் அது ஏறக்குறைய ஒரு வெள்ளி. வீட்டுப் பீரின் சிக்கனம் பாதி இதில்தான் அடங்கியிருக்கிறது. பீர் செய்யும் பொருள்களை அடக்கி விற்கும் வெளிநாட்டுத் தொகுப்புப் பெட்டிகள் பெரும்பாலும் 20 முதல் 23 லிட்டருக்கு வகுக்கப்பட்டவை. ஒரே மாதத்தில் இரண்டு முறை அப்படிச் செய்தால் எல்லை தாண்டிவிடும். 10 லிட்டராகச் செய்வதே நம் அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் சட்டத்துக்கும் பொருந்துகிறது. தவறினாலும் நட்டம் சிறிது.

பீர் என்பது என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். பார்லியை ஊறவைத்து முளைக்கவிட்டு உலர்த்தினால் மால்ட் கிடைக்கிறது. கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து மாவாக்கும் அதே வேலைதான். முளைவிடும்போது தானியத்துக்குள் உருவாகும் நொதிகள், 65 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. அந்த இனிப்புச் சாற்றை வோர்ட் என்பார்கள். அதை ஹாப்ஸ் பூக்களோடு ஒரு மணிநேரம் கொதிக்கவைத்தால் கசப்பு ஏறுகிறது. ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால், அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தருகிறது. தொடங்குவோர் முதல் கட்டத்தைத் தாண்டிவிடலாம். சாற்றை வற்றவைத்து உலர்த்திய மால்ட் தூள் கடையில் கிடைக்கிறது. தானியத்திலிருந்தே தொடங்குவதுதான் ‘உண்மையான’ பீர் என்று சொல்லும் பெரியவர்களின் பேச்சை முதல் ஓராண்டுக்காவது காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. மால்ட் தூளில் செய்த நல்ல பீருக்கும் தானியத்தில் செய்த நல்ல பீருக்கும் உள்ள வேறுபாடு சிறியது. 20 டிகிரியில் நொதித்ததற்கும் 32 டிகிரியில் நொதித்ததற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? ஈஸ்ட் ஆல்கஹாலை மட்டும் உண்டாக்குவதில்லை. வளரும் வேகத்தில் பல உபபொருள்களையும் வெளியேற்றுகிறது. அந்த வேகத்தை வெப்பம் கூட்டுகிறது. அவற்றுள் எஸ்டர்கள் என்ற மணப்பொருள்கள் அளவோடு இருந்தால் பழ மணம். மிஞ்சினால் அதிகம் கனிந்த வாழைப்பழத்தின் நெடி, அதையும் தாண்டினால் நகச்சாயம் அழிக்கும் திரவத்தின் வாசம். எத்தனாலைவிடக் கனமான ஆல்கஹால்கள் கூடும்போது தொண்டையில் எரிச்சல் ஏற்படுகிறது. இன்னொன்றையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை: நொதித்தலே வெப்பத்தை உண்டாக்குகிறது. உச்சத்தில் இருக்கும்போது நொதிக்கவைத்த வாளிக்குள்ளே உள்ள பீர் வெளிக்காற்றைவிட 3, 4 டிகிரி கூடுதலாக இருக்கக்கூடும். அறை 30 என்றால் ஈஸ்ட் உணர்வது 33 அல்லது 34. என் முதல் பீரைச் சமையலறை மூலையில் வைத்து, இரண்டே நாளில் நுரை அடங்கியதைப் பார்த்து, எவ்வளவு சுறுசுறுப்பான ஈஸ்ட் என்று மகிழ்ந்தேன். மூன்று வாரம் கழித்துப் புட்டியைத் திறந்தபோது வீட்டில் யாரோ சாயம் பூசுகிறார்களா என்று மாமியார் கேட்டார்.

இதோடு, புதியவர்களில் பலர் முதலில் செய்ய விரும்புவது லாகர் வகை. காப்பிக்கடையில் நாம் குடித்துப் பழகியது அதுதான். ஹைனெக்கனும் ஃபிரேசர் அண்ட் நீவும் சேர்ந்து 1931இல் தொடங்கிய மலாயன் புரூவரீஸ் 1932இல் சந்தைக்குக் கொண்டுவந்த டைகரும் லாகரே. ஆனால் லாகர் ஈஸ்ட் 8 முதல் 13 டிகிரிக்குள் மெதுவாக நொதித்து, பின்னர் உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் முதிர வேண்டியது. ஐரோப்பியக் குகைகளின் குளிரில் பிறந்த அந்தப் பீர் உலகெங்கும் பரவியதற்கு, 1870களில் கார்ல் வான் லிண்டே மதுவாலைகளுக்காகச் செம்மைப்படுத்திய குளிரூட்டும் இயந்திரம் ஒரு முக்கியக் காரணம். நிலநடுக்கோட்டை ஒட்டிய தீவில் லாகர் ஆலை எழுந்ததும் அந்த இயந்திரத்தின் தயவால்தான். ஆலைக்கு எளிதானது வீட்டுக்கு எளிதல்ல. மேலும், மெல்லிய லாகரில் சிறு குறையையும் மறைக்க மணமோ கசப்போ கிடையாது. டைகர் போன்ற ஒன்றைச் செய்துபார்ப்போம் என்று தொடங்குபவர் மிருதங்கம் கற்க வந்த முதல் நாளிலேயே தனி ஆவர்த்தனம் வாசிக்கக் கேட்பவரைப் போன்றவர்.

எனவே வீட்டுக்கு ஏற்றது, லாகரைவிடக் கூடுதல் வெப்பத்தில் நொதிக்கும் ஏல் என்ற பீர் வகை. ஏல் ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியை விரும்பும். வீவக வீட்டில் இதை எட்ட மூன்று வழிகளைச் சொல்வார்கள். படுக்கையறையின் குளிர்சாதனக் காற்றில் வைப்பது ஒன்று. இரவில் 24, பகலில் அணைத்தபின் 31 என்று ஏறி இறங்கும் அறை ஈஸ்ட்டுக்குச் சமையலறையைவிட மோசமானதாகக்கூட முடியலாம். நிலையான 26ஐவிட அலைபாயும் சராசரி 26 கெடுதல் கூடியது. அகன்ற தொட்டியில் நீர் நிரப்பி, வாளியை அதில் வைத்து, ஈரத்துணி சுற்றி விசிறியைத் திருப்பிவிடுவது இரண்டாவது. பாலைநிலத்தில் அருமையாகப் பலிக்கும் இந்த உத்தி, காற்றிலேயே ஈரம் நிறைந்த இந்த ஊரில் 25, 26 டிகிரிக்குக் கீழே இறங்காது. தேங்கிய நீரை மறந்துவிட்டால் ஏடிஸ் கொசுவுக்குப் பண்ணை வைத்தவராகிவிடுவோம். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் கதவைத் தட்டும்போது அது பீருக்காக வைத்த நீர் என்ற விளக்கம் எடுபடாது. உறுதியாகப் பலிப்பது மூன்றாவது வழிதான்: வெப்பம் புகாத தடித்த பை அல்லது பெட்டிக்குள் வாளியை வைத்து, உறையவைத்த ஒன்றரை லிட்டர்ப் புட்டிகளைக் காலையும் மாலையும் மாற்றுவது. முதல் 3, 4 நாள்தான் கண்டிப்பு தேவை. சுவையைத் தீர்மானிக்கும் வளர்ச்சி அதற்குள் முடிந்துவிடும். பழைய சிறு குளிர்பதனப் பெட்டியும் அதற்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருந்தால் புட்டி மாற்றும் வேலையும் இல்லை. அதற்கு இடமும் வீட்டாரின் இசைவும் வேண்டும்.

1990களின் பிற்பகுதிக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளில் அவசரகாலத்தில் பாதுகாப்பாக ஒதுங்குவதற்கென உள்ள புகலறை, பொருள் போட்டுவைக்கும் அறையாகவே பெரும்பாலும் பயன்படுகிறது. வெயில் படாது, தடித்த கான்கிரீட் சுவரால் வெப்பநிலை அதிகம் அலையாது என்பதால் வாளிக்கு அது நல்ல இடம். ஆனால் 10 லிட்டர் பீர் நொதிக்கும்போது சுமார் 200 லிட்டர் கரியமில வாயு வெளியேறும். அது பல நாள்களில் பரவி வருவதுதான். என்றாலும் இரும்புக் கதவை இறுகச் சாத்திவைக்காமல் சற்றுத் திறந்தே வைப்பது அறிவு.

வெப்பத்தோடு மல்லுக்கட்டாமல் வெப்பத்தை விரும்பும் ஈஸ்ட்டையே தேர்ந்தெடுத்தால் என்ன? நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவந்த ‘குவைக்’ என்ற ஈஸ்ட் இதற்கு விடையாக வந்திருக்கிறது. அந்த வட்டார வழக்கில் குவைக் என்றாலே ஈஸ்ட் என்றுதான் பொருள். கறந்த பாலின் சூட்டில் வோர்ட் இருக்கும்போதே அங்குள்ளவர்கள் இந்த ஈஸ்ட்டைச் சேர்ப்பார்கள். மரவளையத்திலோ துணியிலோ உலர்த்தி அடுத்த முறைக்கு எடுத்துவைப்பார்கள். குளிர்நாட்டில் பிறந்து 35, 40 டிகிரியில் சுத்தமாக நொதிக்கும் இந்த விந்தை, நார்வேயைச் சேர்ந்த லார்ஸ் மாரியஸ் கார்ஷோல் அந்தப் பண்ணை மரபைத் தேடிப் பதிவுசெய்து உலகுக்குச் சொல்லும்வரை வெளியே அதிகம் தெரிந்திருக்கவில்லை. வோஸ் பகுதியின் குவைக் இன்று உலர்தூளாகப் பொட்டலத்தில் விற்கப்படுகிறது. 30 டிகிரிக்கு மேல் அது ஆரஞ்சுத் தோலின் மணத்தைத் தருகிறது. மூன்று, நான்கு நாளில் வேலையை முடித்துவிடுகிறது. சிங்கப்பூரில் முதல்முறை பீர் செய்பவர் யாராக இருந்தாலும் இதில்தான் தொடங்க வேண்டும் என்பேன். பெல்ஜியத்தின் சைசான் என்ற பீர் வகைக்கான ஈஸ்ட்டுகளும் 25 முதல் 32 டிகிரியில் நன்றாகவே நடக்கும். மிளகை நினைவூட்டும் காரம் பிடித்திருந்தால் அடுத்த முறை அதை முயலலாம். சில சைசான் ஈஸ்ட்டுகள் மற்றவை தொடாத சர்க்கரையையும் மெல்லமெல்லத் தின்னும் இயல்புடையவை. அவசரப்பட்டுப் புட்டியில் அடைத்தால் புட்டி வெடிக்கும்.

நீரைப் பற்றிய பேச்சு பலருக்குச் சலிப்பூட்டும். புதியவர் அறிய வேண்டியது ஒன்றே ஒன்று. பொதுப் பயனீட்டுக் கழகம் வழங்கும் குழாய்நீர் பீருக்கு நல்ல நீர்தான்; பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீரைக் கொண்டே புரூவெர்க்ஸ் நிறுவனம் தயாரித்த நியூபுரூ பீர் 2022இல் கடைகளில் விற்பனைக்கு வந்தது. ஆனால் குழாய்நீரில் கிருமிநீக்கத்துக்காகக் குளோரமின் சேர்க்கப்படுகிறது. குளோரினைப் போல அது திறந்துவைத்தால் போய்விடாது. கொதிக்கவைத்தாலும் எளிதில் நீங்காது. மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் உள்ள பீனால்களோடு சேர்ந்து அது குளோரோபீனாலாக மாறினால், பீரில் மருந்துக்கட்டுத் துணியின் வாசம் ஏறும். மிகச் சிறிய அளவே மூக்குக்குப் போதும். பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் அடங்கிய கேம்டன் மாத்திரையில் கால் பகுதியைப் பொடித்து 10 லிட்டர் நீரில் கலக்கினால் சில நிமிடங்களில் சிக்கல் தீர்ந்துவிடும். சில காசு செலவு.

சுத்தத்தைப் பற்றி எல்லா வழிகாட்டிகளும் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நம் வீடுகளுக்கென்று ஓர் எச்சரிக்கை மட்டும் அவற்றில் இல்லை. இட்லி மாவைப் பொங்கவைப்பவை லாக்டிக் அமில நுண்ணுயிர்கள். பீரைப் புளிக்கவைத்துக் கெடுப்பவையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. கிரைண்டர் ஓடும் நாளும் பீர் காய்ச்சும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. மாவைத் தொட்ட அகப்பை, தயிர்ப் பாத்திரம், பிசுக்கேறிய கைத்துணி எதுவும் ஆறிய வோர்ட்டின் அருகே வரக்கூடாது. கொதிக்கும்வரை அழுக்கைப் பற்றிக் கவலையில்லை, கொதி எல்லாவற்றையும் கொன்றுவிடும். ஆறத் தொடங்கிய பிறகு வோர்ட்டைத் தொடும் ஒவ்வொன்றும் முதலில் கழுவப்பட்டு, பின்னர்க் கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள்; அழுக்கின்மேல் ஊற்றிய கிருமிநீக்கி பயன் தராது. மீண்டும் அலசத் தேவையில்லாத அமிலக் கிருமிநீக்கி பீர்ப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. அதன் நுரை வாளியில் மிஞ்சியிருந்தாலும் கெடுதல் இல்லை. நுரையைக் கண்டு பயந்து குழாய்நீரில் அலசினால்தான் செய்த வேலை வீணாகும்.

இனி 10 லிட்டருக்கான ஒரு நாளின் வேலை. ஏழரை லிட்டர் நீரில் 1.3 கிலோ உலர் மால்ட் தூளைக் கரைத்துக் கொதிக்கவிட வேண்டும். கட்டிதட்டாமல் இருக்க அடுப்பை அணைத்துவிட்டுத் தூவுவது நல்லது. தொகுப்புப் பெட்டிகளில் சில, மால்ட்டைக் குறைத்து ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை சேர்க்கச் சொல்லும். அதைச் செய்யாதீர்கள், பீர் நீர்த்துப்போகும். கொதி வரும் நேரத்தில் நுரை பாலைப் போல் பொங்கும், அடுப்படியை விட்டு நகரக்கூடாது. வீடெங்கும் ஹார்லிக்ஸ் கலக்கியது போன்ற மணம் பரவும். நடைபாதையில் போகும் அண்டை வீட்டார் கேட்டால் சொல்லிவைப்பது நல்லுறவுக்கு உதவும். பொங்கி அடங்கியதும், கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 12 விழுக்காடு உள்ள ஹாப்ஸ் 12 கிராம். ஒரு மணிநேரம் கழித்து அடுப்பை அணைக்கும்போது மணத்துக்காக இன்னொரு வகை 20 கிராம். ஹாப்ஸ் பொட்டலத்தை உறைபெட்டியில் வைக்க வேண்டும், இந்த வெப்பத்தில் அலமாரியில் விட்டால் பழைய பாலாடைக்கட்டியின் நாற்றம் ஏறிவிடும்.

கொதித்து முடியும்போது பாத்திரத்தில் 6 லிட்டர் மிஞ்சும். இதை ஆறவைப்பதில்தான் குளிர்நாட்டுக் குறிப்பு மறுபடியும் கைவிடுகிறது. அங்கே குழாய்நீர் 10 டிகிரியில் வரும், இங்கே 28. எத்தனை மணிநேரம் குழாயைத் திறந்துவைத்தாலும் வோர்ட் அதற்குக் கீழே போகாது. எனவே முதல் நாளே 4 லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, மூடி, குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுவது நல்ல உபாயம். பாத்திரத்தைத் தொட்டி நீரில் அமிழ்த்தி, நீரை இரண்டு மூன்று முறை மாற்றி, பிறகு கொஞ்சம் பனிக்கட்டி போட்டு 35 டிகிரிக்குக் கொண்டுவந்து, 5 டிகிரியில் உள்ள அந்த 4 லிட்டரைச் சேர்த்தால் 23 டிகிரி. ஏல் ஈஸ்ட்டுக்கு அது போதும், மீதியைப் பனிப்புட்டிகள் பார்த்துக்கொள்ளும். குவைக் என்றால் இந்தச் சிரமமே இல்லை. தொட்டி நீரில் 40 டிகிரிக்கு வந்ததும், கொதிக்கவைத்து ஆறிய சாதாரண நீரைச் சேர்த்து, 35இல் ஈஸ்ட்டைத் தூவி மூடிவிடலாம். ஈஸ்ட் சேர்க்கும் முன் நன்றாகக் கலக்கிக் காற்றேற்ற வேண்டும். சேர்த்த பின் கலக்கவே கூடாது, அப்போது புகும் காற்று நனைந்த அட்டைப்பெட்டியின் சுவையைத் தரும்.

வாளி மூடியில் பொருத்திய, வாயுவை வெளியே மட்டும் விடும் காற்றடைப்புக் குழாயில் குமிழ் நின்றுவிட்டதை வைத்து நொதித்தல் முடிந்ததென்று முடிவுகட்டக் கூடாது. அதற்குத்தான் நீரோடு ஒப்பிட்டுச் சாற்றின் அடர்த்தியைக் காட்டும் அடர்த்திமானி. சர்க்கரை தீரத் தீர அது காட்டும் எண் இறங்கும். தொடக்கத்தில் 1.048 காட்டிய பீர் 1.010இல் நின்றால், அந்த இடைவெளியை 131ஆல் பெருக்கக் கிடைப்பது ஆல்கஹால் அளவு, ஏறக்குறைய 5 விழுக்காடு. பெரும்பாலான அடர்த்திமானிகள் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. 30 டிகிரி பீரில் அவை கொஞ்சம் கூடுதலாக அமிழ்ந்து, 0.002 அளவுக்குக் குறைத்துக் காட்டும். ஒரே அளவு மூன்று நாள் தொடர்ந்து நின்றால் மட்டுமே புட்டியில் அடைக்கலாம்.

அடைக்கும்போது சேர்க்கும் சர்க்கரைதான் வாயுவைத் தருகிறது. லிட்டருக்கு ஆறரை கிராம், அதாவது 10 லிட்டருக்கு 65 கிராம் சர்க்கரையை ஒரு குவளை நீரில் கொதிக்கவைத்துச் சேர்த்தால் பீர் அளவாக நுரைக்கும். வெப்பமான பீரில் கரைந்து மிஞ்சியிருக்கும் வாயு குறைவு என்பதால், 20 டிகிரிக்கு எழுதப்பட்ட அளவைவிட இது சற்றே கூடுதல். கண்ணளவில் கரண்டியால் போடும் வேலை வேண்டாம். தராசில் நிறுக்க வேண்டும். முதல் சில முறைக்குச் சோடா, கோலா வரும் பிளாஸ்டிக் புட்டிகளே பாதுகாப்பானவை. உறுதியானவை, கையால் அழுத்திப் பார்த்தாலே வாயு ஏறியதா என்று தெரிந்துவிடும். வெயில் படாத இடத்தில் ஒரு வாரம் வைத்தால் இங்கே வாயு ஏறிவிடும். பிறகு குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும். நொதித்தலை வேகப்படுத்திய வெப்பம் பீரைப் பழசாக்குவதையும் வேகப்படுத்தும்.

குடும்பத்தில் ஒருவராவது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: வீட்டுப் பீர் குடித்தால் கண் போய்விடுமா? அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கள்ளத்தனமாக வடித்த சம்சு என்ற சாராயத்தைப் பற்றிய கதைகள் நம் மூத்த தலைமுறைக்குத் தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதும் நினைவில் இருக்கிறது. அங்கே கொன்றது மெத்தனால். அது சாராயத்தில் கலப்படமாகச் சேர்ந்த தொழிற்சாலைப் பொருள். பார்லிச் சாற்றை ஈஸ்ட் கொண்டு நொதிக்கவைக்கும்போது மெத்தனால் மிக அற்பமாகவே உருவாகும். வடிக்காததால் அது செறிவடையவும் வழியில்லை. வீட்டுப் பீர் கெட்டால் புளிக்கும், நாறும், வாயிலிருந்து துப்ப வைக்கும். அதற்கு மேல் பயப்படுவதானால் வெடிக்கும் கண்ணாடிப் புட்டிக்குப் பயப்படலாம்.

வாளியின் அடியில் தங்கும் குவைக் ஈஸ்ட்டை வீசவேண்டியதில்லை. அடுத்த 10 லிட்டருக்கு அதில் சில கரண்டியே போதும். நார்வேக்காரர்களைப் போலத் துணியில் பரப்பி வீட்டுக் காற்றில் உலர்த்தலாம் என்று ஒருமுறை முயன்றேன். இந்த ஊரின் ஈரத்தில் அது உலருமுன் பூஞ்சை பிடித்துவிட்டது. கிருமிநீக்கிய சிறு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, மூடியை இறுக்காமல், குளிர்பதனப் பெட்டியின் பின்வரிசையில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்குகிறது. குப்பியின்மேல் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுவது அவசியம். என் வீட்டில் அது ஒருமுறை மோர் என்று நினைத்துக் கொட்டப்பட்டிருக்கிறது.